அந்தக் கடிதத்தை லாச்சிக்குள் வைக்காதீர்கள்

சில மாதங்களுக்கு முன் தெரிந்த ஒரு அக்கா கூப்பிட்டார். கணவரைப் பிரிந்து, இரண்டு பிள்ளைகளோடு பெண்கள் காப்பகத்தில் இருந்தவர். கடைசியில் வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தது. ஜெர்மனியில் வீடு கிடைத்தது என்றால் நாலு சுவர் கிடைத்தது என்றுதான் அர்த்தம், பல வீடுகளில் குசினிச் சாமான்கூட இருக்காது. கட்டில், குளிர்சாதனப் பெட்டி, உடுப்புத் தோய்க்கிற மெசின் கேட்டு, மாதா மாதம் உதவிக் காசு தருகிற அரச அலுவலகமான ஜொப்சென்டருக்கு எழுதியிருக்கிறார். "குடும்பமாக இருந்தபோது இவை உங்களிடம் இருந்தன, வேண்டுமானால் கடனாகத் தரலாம்" என்று பதில் வந்தது. 12 வயது மகள்தான் வாசித்து "இல்லையாம் அம்மா" என்று சொன்னாளாம். கடிதம் லாச்சிக்குள் போய்விட்டது.

19 நாள் குளியல் தொட்டியில் உடுப்புத் தோய்த்திருக்கிறார். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "தஞ்சம் தந்த நாடு தம்பி. இல்லை என்ற பிறகும் கேட்டு நிற்கிறது மரியாதையில்லை" என்றார்.

எனக்கு மனம் தாங்கவில்லை. எங்கள் சனத்தில் எத்தனை பேர் இதே நன்றியுணர்ச்சியால் சீட்டு எடுத்து, நகையை அடகு வைத்துக் கட்டில் வாங்கியிருக்கிறார்கள்!

அக்கா கேட்டது தருமம் அல்ல. அது சட்டம் தருகிற உரிமை: ஜெர்மன் சமூகச் சட்டத்தின் இரண்டாம் புத்தகம், பிரிவு 24, உட்பிரிவு 3. வீட்டுக்கு முதன்முதலாக வாங்க வேண்டிய சாமான்களுக்கு மாத உதவிக் காசுக்கு வெளியே தனியாகத் தர வேண்டும், திருப்பிக் கட்டத் தேவையில்லை. பிரிந்து தனியே போகிறவருக்கும் அந்த "முதன்முதல்" பொருந்தும். இப்படிப் பிரிந்து போன ஒருவரின் தோய்க்கிற மெசின் வழக்கில் கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் 2008 இலேயே அதைச் சொல்லிவிட்டது. கடன் என்றால் மாத உதவிக் காசில் 5 சதவீதம் வெட்டுவார்கள். தனியாளின் 563 யூரோவில் அது மாதம் 28 யூரோ. பிள்ளைகளின் சப்பாத்துக் காசு அது.

மகள் வாசிக்காமல் விட்ட கடைசிப் பத்தியில்தான் விசயம் இருந்தது. கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்குள் விடர்ஸ்புருக், அதாவது ஆட்சேபம், எழுதலாம். அந்தப் பத்தியே இல்லாவிட்டால் ஒரு வருடம் வரை நேரம் உண்டு. கட்டணம் இல்லை. நாங்கள் எழுதியது இரண்டே வரி: இந்தத் தேதியிட்ட முடிவை ஆட்சேபிக்கிறேன், காரணம் பின்னர் அனுப்புகிறேன். கையெழுத்து வைத்து நேரே கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கினோம். சாதாரண மின்னஞ்சலை நம்ப வேண்டாம், அது செல்லாது. எழுத வராதவர் அலுவலகத்துக்குப் போய் வாயால் சொன்னால் அவர்களே பதிந்துகொள்ள வேண்டும். அப்புறம் காப்பகத்தின் கடிதத்தையும் வெறும் வீட்டின் படங்களையும் சேர்த்துக் காரணம் எழுதினோம்.

மூன்று மாதம் பதில் வராவிட்டால் சமூக நீதிமன்றம் போகலாம், அங்கேயும் நீதிமன்றக் கட்டணம் கிடையாது. அதுவரை போக வேண்டி வரவில்லை. ஏழாவது வாரம் கட்டிலுக்கும் மெசினுக்கும் பெட்டிக்கும் காசு வந்தது. அலுமாரிக்கு மட்டும் இல்லை என்றார்கள். அக்கா அதற்கும் எழுதலாமா என்று தானே கேட்டார்.

உங்கள் லாச்சியிலும் அப்படி ஒரு கடிதம் கிடந்தால் தேதியைப் பாருங்கள். கிடைத்து ஒரு மாதம் முடியவில்லை என்றால் இன்றிரவே எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள்.