பதினொன்றும் ஒன்றும்

நேற்று அலுவலகத்தில் ஓர் எக்செல் தாள் சுற்றுக்கு வந்தது. பெயர், பதவி, அனுபவம், அப்புறம் 'சான்றிதழ்களின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். பக்கத்து இருக்கைத் தம்பிக்கு 11. எனக்கு 1. அந்த எண்ணைப் பார்த்துத்தான் அடுத்த திட்டத்துக்கு ஆள் எடுக்கப் போகிறார்களாம்.

என்னுடைய அந்த ஒன்று, பிஎம்பி, திட்ட மேலாளர்களுக்கான தகுதிச்சான்று. விண்ணப்பம் போடவே பட்டதாரிக்கு 36 மாதங்கள் திட்டங்களை நடத்திய அனுபவம் வேண்டும். எந்தத் திட்டம், எத்தனை மாதம், நீ செய்தது என்ன என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுக்க வேண்டும். தணிக்கையில் மாட்டினால், எப்போதோ விட்டுவந்த வேலையின் மேலாளரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு 180 கேள்விகள். இதற்கெல்லாம் முன்னால், 35 மணி நேரப் பயிற்சி முடித்ததற்கான சான்றும் கேட்பார்கள். பயிற்சிச் சான்றிதழின் இடம் அங்கே அவ்வளவுதான், தேர்வுக்கு உட்கார அது ஓர் அனுமதிச் சீட்டு. அந்தச் சீட்டை மட்டும் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு "பிஎம்பி முடிச்சிட்டேன்" என்று திரிகிற மூன்று பேரை எனக்கு நேரிலேயே தெரியும்.

சரி, பதினொன்றுக்கு வருவோம். தம்பியே காட்டினான், பாவம், கள்ளமில்லாத பிள்ளை. "வீடியோவை டபுள் ஸ்பீடில் ஓடவிட்டுச் சாப்பிட்டேன்ணா" என்றான். கடைசியில் பத்துக் கேள்வி. தப்பாகச் சொன்னால் சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப அழுத்தலாம். முடிந்ததும் பிடிஎஃப் வரும், ஓரத்தில் தங்க முத்திரை, பூவேலைப்பாடு. நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்த்தேன். 'இப்பயிற்சியை நிறைவு செய்தார்.' உண்மைதானே, நிறைவு செய்தான். வேலை தெரிந்தவன் என்று அந்தக் காகிதம் எங்கேயும் சொல்லவில்லை. எக்செல் தாள்தான் அதன் வாயில் அப்படிச் சொல்லைத் திணிக்கிறது.

பயிற்சி முடித்த காகிதம், தேர்வில் தேறி வாங்கும் தகுதிச்சான்று, நாமும் இரண்டையும் 'சான்றிதழ்' என்றே சொல்லித் தொலைக்கிறோம். ஆங்கிலத்திலும் சர்டிஃபிகேட், சர்டிஃபிகேஷன் என்று வால் மட்டும்தான் மாறுகிறது. ஆனால் சொல்லிக் கொடுத்தவரே மதிப்பெண்ணும் போட்டால் நடுநிலை என்னாகும்? தனிநபர்களுக்குத் தொழில்முறைத் தகுதிச்சான்று தரும் அமைப்புகளுக்கென்று ஐஎஸ்ஓ 17024 என்றொரு தரநிலையே இருக்கிறது. பயிற்சியும் தேர்வும் ஒரே கூரையின் கீழ் நடந்தால் அது நடுநிலைக்கு ஆபத்து என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. இங்கே 'இரண்டே நாளில் சர்டிஃபைடு ஆகுங்கள்' என்று விளம்பரம் போடுபவர்களிடம் அதைக் காட்டினால் சிரிப்பார்கள்.

இன்னொன்று, வாங்கியதோடு விடமாட்டார்கள். பிஎம்பியைத் தக்கவைக்க 3 ஆண்டுக்கு 60 பிடியூ, அதாவது தொடர்ந்து கற்றதற்கான புள்ளிகள், சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். கணினித் தகவல் பாதுகாப்புக்கான சிஐஎஸ்எஸ்பி என்ற தகுதிச்சான்றில், தேர்வில் தேறினாலும் 5 ஆண்டு அனுபவத் தகுதி நிறையும்வரை அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியாது. நெறி தவறினால் பிடுங்கியும் விடுவார்கள். பார்த்து முடித்த வீடியோவை யார் வந்து பிடுங்குவது?

பயிற்சியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வராதீர்கள். நான் உருப்படியாகக் கற்றது ஒரு மூன்று நாள் பட்டறையில். அங்கே தேர்வே கிடையாது. தகுதிச்சான்று வைத்துக்கொண்டு ஒரு கால அட்டவணை போடத் தெரியாமல் முழிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது வேறு வழக்கு. உட்கார்ந்து கேட்டதையும் சோதித்துத் தேறியதையும் ஒரே கட்டத்தில் போட்டுக் கூட்டாதே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

மனிதவளப் பிரிவுக்கு எழுதினேன், கட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள் என்று. பதில் சுருக்கமாக வந்தது: "ஃபார்மட்டை மாற்ற முடியாது. வேறு சான்றிதழ் இருந்தால் அனுப்பவும்."

அனுப்பினேன். தீயணைப்பான் பயிற்சி ஒரு மணி நேரம், கடவுச்சொல் விழிப்புணர்வு இருபது நிமிடம், நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவது எப்படி, மின்னஞ்சல் நாகரிகம், பட்டறை ஒன்று, அந்த 35 மணி நேரச் சீட்டு. இன்று காலை பார்த்தால் என் பெயருக்கு நேரே 7.