சுகம் வரவில்லை என்றால் வளரவில்லை என்று அர்த்தமா?

சுகத்துக்காக ஜெபிக்க வந்த ஓர் அக்காவை ஊழியர் ஒருவர் கூட்டத்தின் முன்னால் குறை சொன்ன அந்த வீடியோவை நான் இங்கே பகிரப் போவதில்லை. உங்களில் பாதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அந்த அக்காவின் முகம் இன்னும் நாலு பேர் கைக்குப் போக வேண்டாம். ஆனால் பேசாமல் இருக்கவும் முடியவில்லை. ஜெபத்துக்காக முன்னால் வந்து நின்றவரைப் பார்த்து, "இத்தனை வருஷமாக விசுவாசி, ஆனால் ஆவிக்குரிய வளர்ச்சி இல்லை, அதனால்தான் சுகம் கிடைக்கவில்லை" என்று சபை நடுவே சொல்ல யார் அதிகாரம் கொடுத்தது? அதற்குக் கூட்டம் அல்லேலூயா வேறு சொல்கிறது.

ஒருவருடைய உடம்பைப் பார்த்து அவருடைய ஆவிக்குரிய வளர்ச்சியை அளக்க முடியாது. தன் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதியாய் விட்டுவந்தேன் என்று வேதத்தில் அப்போஸ்தலன் பவுல் எழுதுகிறார். அவன் விசுவாசத்தில் ஒரு குறையும் சொல்லவில்லை. பவுலே தன் சரீரத்தில் முள் என்று சொல்லும் வேதனை நீங்க மூன்று தரம் வேண்டியும் "என் கிருபை உனக்குப்போதும்" என்றுதான் பதில் வந்தது. பவுலும் வளராதவரா? இவ்வளவு ஏன், நம் டோனாவூருக்கே வாருங்கள். அங்கே பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் விழுந்து அடிபட்டவர், 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். அந்த அறையிலிருந்தே எழுதினார், பிள்ளைகளுக்காக ஜெபித்தார். அவர் கட்டிலருகே நின்று இதைச் சொல்வார்களா?

சரி, வளர்ச்சியை எதில் பார்ப்பது? கொரிந்து சபைக்கு எந்த வரத்திலும் குறைவில்லை என்று முதல் அதிகாரத்தில் சொன்ன அதே பவுல், மூன்றாம் அதிகாரத்தில் அவர்களைக் குழந்தைகள் என்கிறார். காரணம் பொறாமையும் வாக்குவாதமும் பேதகங்களும். அந்நியபாஷை இருந்தது, தீர்க்கதரிசனம் இருந்தது, ஆனாலும் பால் குடிக்கும் குழந்தை நிலையைத் தாண்டவில்லை. கலாத்தியர் 5-ல் ஆவியின் கனி என்று வருவதை வாசியுங்கள். நீடிய பொறுமை, தயவு, சாந்தம், இச்சையடக்கம். இதில் எதையும் மேடையில் நிற்க வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

என் பெரியம்மா வாயைத் திறந்தால் தெருவே அடங்கும். பக்கத்து வீட்டோடு கொல்லை எல்லைத் தகராறு, கோர்ட் வரை போனது. அந்த வீட்டு அம்மாவை ஒருமையில் தவிரப் பேசி நான் கேட்டதில்லை. அப்புறம் எப்போது மாறினார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கூட்டத்தில், ஒரு நாளில் நடந்த மாற்றம் இல்லை. ஒரு கோடையில் குழாயடியில் அந்த அம்மா வந்து நின்றபோது, பெரியம்மா தன் குடத்தைக் காலால் நகர்த்திவிட்டு, "நீங்க பிடிங்க மதினி, எனக்கு அவசரமில்லை" என்றார். எங்களுக்கு நம்பவே முடியவில்லை. மூட்டுவலி மட்டும் பெரியம்மாவுக்குச் சாகும்வரை தீரவில்லை. முழங்கால் போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்தே ஜெபித்தார். அவரையும் வளரவில்லை என்று சொல்லியிருப்பார்களோ என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு எரிகிறது.

"உனக்குச் சுகமளிக்கும் வரத்தில் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. சுகம் கேட்டு நானும் ஜெபிக்கிறேன். தருவதும் தராததும் ஆண்டவர் சித்தம், அந்த அக்காவின் மதிப்பெண் அல்ல.

"அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று இன்பாக்ஸில் ஏற்கெனவே இரண்டு பேர். அந்த வசனம் வரும் 105-ஆம் சங்கீதத்தை மேலே இருந்து வாசியுங்கள். சொற்ப ஜனங்களாய், பரதேசிகளாய் அலைந்தவர்களை ராஜாக்கள் ஒடுக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட வார்த்தை அது. மைக் பிடித்தவரைக் கேள்வி கேட்காதே என்பதற்குச் சொன்னதல்ல. அன்றைக்கு அந்த ஹாலில் பாதுகாப்பு தேவைப்பட்டது யாருக்கு?

"நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, தேவையும் இல்லை. யோபுவின் சிநேகிதர்களும் ஆறுதல் சொல்லத்தான் வந்தார்கள், கடைசியில் உன் பாவத்தால்தான் இந்தப் பாடு என்று அவன்மேலேயே பழி போட்டார்கள்.

"பாரம்பரிய சபைக்காரனுக்கு ஆவியைப் பற்றி என்ன தெரியும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது வலித்தது, மறைக்க மாட்டேன். என்னை விசுவாசத்தில் வளர்த்தவர்கள் எல்லாரும் அந்தப் பழைய கோயில் பெஞ்சுகளில் இருந்தவர்கள். அவர்களைப் பற்றி ஒரு வரியில் தீர்ப்பு எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அந்த அக்கா வீட்டுக்குப் போய்த் தனியாக வருத்தம் தெரிவித்துவிட்டார்களாம், அதோடு விடச் சொல்கிறார்கள். முந்நூறு பேர் முன்னால் சொன்னதை, அதே முந்நூறு பேர் முன்னால் தவறு என்று சொல்லட்டும். அதுவரை நான் விடப் போவதில்லை.