இரவில சோறு விட்டாச்சு, பிறகேன் சீனி இறங்கேல்லை?

கிளினிக்கில் சொன்னபடி இரவுச் சோற்றை நிறுத்தியாச்சு, இப்ப புட்டுத்தான். யாழ்ப்பாணத்தில் சீனி வருத்தம் உள்ள வீடுகளில் இந்தப் பதில் பழகிப்போனது. புட்டும் அரிசிதானே! 100 கிராம் மாவில் ஏறத்தாழ 75 கிராம் மாச்சத்து இருக்கிறது. 270 கிராம் சோற்றிலும் அவ்வளவுதான். கோதுமை மா கலந்தாலும் கணக்கு பெரிதாய் மாறாது. குரக்கனில் நார்ச்சத்துக் கூட, அது உண்மை. ஆனால் அதிலும் 70 கிராம் அளவில் மாச்சத்து உண்டு. மருந்து என்று நினைத்து நீத்துப்பெட்டி நிறைய அவித்துச் சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும்.

அடுத்தது தேங்காய். புட்டுக்குள் தேங்காய்ப்பூ, சம்பலில் பூ, வறையில் பூ, சொதியில் பால் என்று ஒரே சாப்பாட்டில் நாலு தரம் வருகிறது. 100 கிராம் தேங்காய்ப்பூவில் 350 கலோரி. சீனியை நேரே ஏற்றாது, வயிற்றை ஏற்றும். நாலில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடலாம்.

புட்டை விடச் சொல்லவில்லை. ஆளுக்கு 50 கிராம் மாவை நிறுத்து எடுங்கள், கண்ணளவு வேண்டாம். குழைத்த மாவின் அளவுக்கு முருங்கையிலையை அரிந்து கலந்து அவியுங்கள். வறையையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுப் புட்டில் கைவைத்தால் சீனி மெதுவாக ஏறும். எட்டு மணிக்கு முன் முடித்து, கால் மணித்தியாலம் நடவுங்கள்.

தேத்தண்ணிக்குக் குவித்த இரண்டு கரண்டி சீனி என்றால் 12 கிராம். நாளுக்கு நாலு கோப்பை, 48 கிராம். பின்னேர ரோல்ஸ் தனிக் கணக்கு.

கிளினிக்குக்கு முதல்நாள் மட்டும் அரை வயிறாய்க் கிடப்பவர்களும் உண்டு. பாஸ்ரிங் (வெறுவயிற்றுச் சோதனை) நல்லாய் வரலாம், எச்பிஏ1சி என்ற இரத்தச் சோதனை கடைசி இரண்டு மூன்று மாதச் சீனியையும் காட்டிவிடும். வயிற்றுச் சுற்றளவையும் பாருங்கள்: ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 80க்கும் கீழே இருக்க வேண்டும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு அளக்க வேண்டும். வயிற்றுக்குக் கீழே சாறம் கட்டுகிற இடத்தில் அல்ல.

கிளிக்லசைட் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டை ஒரேயடியாகப் பாதியாக்க வேண்டாம். மருந்து அதே அளவில் இருக்க, நடு இரவில் சீனி விழுந்து வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வரலாம். ஆள் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பச் சோதியுங்கள். சீனி 70க்குக் (mg/dL) கீழே என்றால் இன்னொரு தரம் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். புட்டைக் குறைக்க முன்னமே குளிசை அளவை வைத்தியரிடம் கதைத்துவிட்டால் இந்தக் கரைச்சல் பெரும்பாலும் வராது.