அந்த மேசையில் அவருக்கு என்ன வேலை?

சனிக்கிழமைக் கூட்டத்துப் படம் எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது. ஆகவே யார், எங்கே என்று நான் எழுதத் தேவையில்லை. பாடசாலைகளுக்குப் பக்கத்திலுள்ள கடைகளில் சிகரட் விற்பதை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று பேசக் கூட்டிய கூட்டம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) இருக்கிறார், அதிபர்மார் இருக்கிறார்கள், கோயில் தலைவர் இருக்கிறார், பள்ளிவாசல் செயலாளர் இருக்கிறார். நல்லது. அவர்களுக்கு நடுவில், கழுத்தில் மாலையோடு, எங்கள் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் சிகரட் இறக்குகிறவர்!

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நம்முடைய போன் குழுவில் நான் கேட்டது ஒரேயொரு கேள்வி. அந்த மேசையில் அவருக்கு என்ன வேலை? இதற்குத்தான் இத்தனை பேர் என்மேல் பாய்ந்தீர்கள். ‘எல்லாத்துலயும் பிழை பிடிக்கிறவன்’ என்று ஒருவர். ‘ஊருக்கு ஒரு நல்லது நடக்க விடமாட்டான்’ என்று இன்னொருவர். சரி, பரவாயில்லை.

அவர் கெட்ட மனிதர் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. சிரித்த முகம், மரியாதையான பேச்சு, திருவிழாவுக்கும் கந்தூரிக்கும் கை நீட்டிக் கொடுக்கிறவர். எல்லாம் உண்மை. ஆனால் சிகரட் கூட விற்றால் அவருக்கு லாபம், குறைய விற்றால் நட்டம். விற்பனையைக் குறைக்கத் திட்டம் போடுகிற மேசையில் அவர் இருந்தால் திட்டம் எந்தப் பக்கம் சாயும்? இதைக் கேட்கப் பெரிய படிப்பு வேண்டுமா?

சாய்ந்தும் விட்டது. கூட்டத்துக்கு முதல் பேச்சு என்ன? பாடசாலை வாசலை ஒட்டிய கடைகளில் விற்பனையை நிறுத்துவது. கூட்டம் முடிய வந்த தீர்மானம் என்ன? ‘விழிப்புணர்வுப் பதாகை’ கட்டுவது. பதாகைச் செலவை யார் ஏற்கிறாராம்? நீங்களே சொல்லுங்கள்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த கொள்கை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை இலங்கை 2003ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. அதன் 5.3ஆம் பிரிவு, சுகாதாரக் கொள்கை வகுக்கும்போது புகையிலைத் தொழிலின் வியாபார நலன்களிலிருந்து அதைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவுக்காக 2008இல் தென்னாபிரிக்காவின் டேர்பனில் ஏற்றுக்கொண்ட வழிகாட்டல்கள் இன்னும் வெளிப்படை. அந்தத் தொழிலின் நலனும் பொதுச் சுகாதாரத்தின் நலனும் ஒருநாளும் ஒத்துப்போகாது, அவர்களோடு பங்காளித்துவம் வேண்டாம், அவர்கள் நடத்தும் இளைஞர் விழிப்புணர்வுத் திட்டங்களும் வேண்டாம். கவனியுங்கள், விழிப்புணர்வுத் திட்டமும் வேண்டாம் என்றுதான் இருக்கிறது. ஏனென்றால் இந்தப் பதாகை விளையாட்டை உலகம் எப்போதோ பார்த்துவிட்டது.

‘எல்லாத் தரப்பையும் கேக்கத்தானே வேணும்’ என்று நண்பர் ஒருவர் பண்போடு எழுதியிருந்தார். அவருக்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன். கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள், எல்லோருக்கும் தெரியும்படி கேளுங்கள், என்ன பேசினீர்கள் என்று பதிவு வையுங்கள். கட்டுப்படுத்துவதற்கு எந்தளவு தேவையோ அந்தளவுக்கு மட்டும் பேசுங்கள். வழிகாட்டலும் அதைத்தான் சொல்கிறது. கருத்துக் கேட்பது வேறு, குழுவில் கதிரை போடுவது வேறு. அந்த ஆட்களுடைய கருத்து எப்படிப்பட்டது என்று தெரியவேண்டுமானால் 1994ஐப் பாருங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையில் ஏழு சிகரட் கம்பனித் தலைவர்கள் வரிசையாக எழுந்து, வலக்கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டு, நிக்கொட்டின் ஆளை அடிமையாக்காது என்றார்கள். பிறகு வழக்குகளில் அந்தக் கம்பனிகளின் உள் ஆவணங்கள் வெளியே வந்தபோதுதான் அவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று உலகம் வாசித்தது.

அது அமெரிக்கா என்பீர்கள். இங்கேயும்தான். பெட்டியில் 80 சதவீதத்துக்குப் படத்துடன் எச்சரிக்கை போடவேண்டும் என்று 2012இல் ஒழுங்குவிதி வந்ததும் சிகரட் கம்பனி வழக்குப் போட்டது. அது 50-60 என்று இறங்கியது. பிறகு 2015இல் பாராளுமன்றத்தில் சட்டத்தைத் திருத்தித்தான் 80ஐ மீட்டோம். ஒரு படத்துக்கே இந்தப் பாடு.

வரி கட்டுகிறார்கள் என்கிறீர்கள். அந்த வரி புகைக்கிறவனின் சட்டைப்பையிலிருந்து வருவது. சாராயத்தைப் பற்றி ஏன் பேசவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கூட்டத்துக்குச் சாராயக்காரரையும் மாலை போட்டு உட்கார வையுங்கள், அதையும் எழுதுகிறேன்.

சின்னக் கடைக்காரர் பிழைப்பு? இதை என்னிடம் சொல்லாதீர்கள். மட்டக்களப்பில் செங்கலடிப் பக்கம் என் மாமா கடை வைத்திருந்தவர். வாசலில் தும்புக் கயிறு ஒன்று எந்நேரமும் புகைந்துகொண்டு தொங்கும், சிகரட் பற்றவைக்க. சிகரட் விளம்பரத்தைத் தடைசெய்த 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முந்தின காலம். சிகரட் கம்பனி ஆள் ஒருவர், சிகரட்டை அடுக்கிக் காட்டக் கண்ணாடிப் பெட்டி கொண்டுவந்தார். மாமா அதை மேல்தட்டில் வைக்கச் சொன்னார். வந்தவர் கையால் உயரம் பார்த்தார், டொபி போத்தல்களுக்குப் பக்கத்தில், என் கண்ணுக்கு நேரே இறக்கிப் பூட்டினார். அப்போது நான் காற்சட்டைப் பொடியன். அந்தப் பெட்டியின் நிறம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்காகத்தானே அங்கே பூட்டினார்.

மாமா விற்ற சரக்கையே பிடித்துப் பிடித்து, கடைசியில் நாலு படி ஏற முடியாமல் இருந்து இருந்து மூச்செடுத்தார். பெரியாஸ்பத்திரி வார்ட்டில் நாங்கள் மாறி மாறி நின்றோம். மாமா போய், எட்டாம் நாள் சடங்கு முடிந்து மாமி கடையைத் திறந்ததும் கம்பனி ஆள் வந்தார். பெட்டி இன்னும் இருக்கிறதா என்று பார்க்க! மாமியும் விற்றார், வேறு வழியில்லை. ஆகவே கடைக்காரர் பிழைப்பைப் பேசவேண்டுமென்றால் கடைக்காரர் வந்து பேசட்டும். அவருக்குப் பதிலாக விநியோகக்காரர் பேசுவது வேலிக்கு ஓணான் சாட்சி.

‘நீ என்னத்துக்கு மனே இதுக்குள்ள தலையைப் போடுறாய்’ என்று மாமியே நேற்று போன் எடுத்துக் கேட்டார். அதுதான் உண்மையாகச் சுட்டது. திட்டினவர்களைவிட, என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் ‘ஸ்கூலுக்குத் தண்ணி ஃபில்டர் தந்தவர், அவரைப் போய்...’ என்று எழுதினதும் சுட்டது. அந்த ஃபில்டரைக் கேட்டு நாம் கல்வி அலுவலகத்துக்கு எத்தனை கடிதம் எழுதினோம்? கொடுக்கவேண்டியவர்கள் கொடுக்கவில்லை. யுத்தம், சுனாமி, வெள்ளம் என்று வாங்கி வாங்கி, யார் தந்தாலும் மாலை போடப் பழகிவிட்டோம். தந்தவர் என்ன விற்கிறார் என்று கேட்டால் நன்றி கெட்டவன்! ஒரு ஃபில்டருக்கு ஒரு கதிரை. மலிவாகத்தான் போயிருக்கிறோம்.

என்னைக் குழுவிலிருந்து எடுத்ததற்கும் நன்றி, போன் அமைதியாக இருக்கிறது. திங்கட்கிழமை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அவரை அழைத்தது யார், எந்தத் தகுதியில், கூட்டக் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது, பதாகைக் காசு யாருடையது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்பது சட்டம். வந்தால் பக்கம் பக்கமாக இங்கேயே போடுவேன். வராவிட்டால் மேன்முறையீட்டுக் கடிதத்தைப் போடுவேன்.