மூக்கடைத்தவர் கையில் தைலம்

(சபாபதிக்கு மூன்று நாளாக மூக்கடைப்பு. வெளியே போயிருந்த கோமதி திரும்பி வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார்.)

கோமதி: என்னங்க இது, வீடா, மருந்துத் தொழிற்சாலையா? கண்ணெல்லாம் எரிகிறது!

சபாபதி: வா கோமதி. நீ வாங்கி வந்த யூகலிப்டஸ் தைலம் சுத்தப் போலி. முகர்ந்து பார்த்தேன், வாசனையே இல்லை. தலையணையில் ஊற்றினேன், இல்லை. திரைச்சீலையில் தெளித்தேன், ம்ஹூம்.

கோமதி: மூக்கடைத்தவருக்கு வாசனை எப்படித் தெரியும்?

சபாபதி: அட, அது தோன்றவில்லையே. ஆனால் சும்மா சொல்லவில்லை, சோதனையும் செய்தேன். தாளில் ஒரு சொட்டு விட வேண்டும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் பிசுக்குத் திட்டு நிற்கும். அசல் தைலம் திட்டே இல்லாமல் ஆவியாகிவிடும்.

கோமதி: திட்டு நின்றதா?

சபாபதி: இல்லை, சுத்தமாகக் காய்ந்துவிட்டது.

கோமதி: அப்படியென்றால் அசல்தானே!

சபாபதி: அங்கேதான் எனக்கும் குழம்பியது.

கோமதி: சரி, எந்தத் தாளில் விட்டீர்கள்?

சபாபதி: மேசைமேல் ஏதோ கிடந்தது.

கோமதி: (எடுத்துப் பார்த்து) ஐயையோ, வாடகை ஒப்பந்தம்! வீட்டுக்காரர் கையெழுத்தைக் காணோமே!

சபாபதி: தைலம் பேனா மையைக் கரைத்துவிடும். ஸ்டிக்கர் பசையைக்கூட எடுக்கும். எவ்வளவு உபயோகம் பார்!

கோமதி: அவர் வந்து கேட்கட்டும், இதே உபயோகத்தைச் சொல்லுங்கள். மூக்காவது திறந்ததா?

சபாபதி: திறந்தது! வாசனைதான் இல்லை, உள்ளே சில்லென்று காற்று போகிறது.

கோமதி: திறக்கவில்லை. அந்தத் தைலத்தில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட சினியோல் என்ற பொருள். அது மூக்குக்குள் குளிரை உணரும் நரம்பைத் தட்டிவிடும். உடனே மூளை, காற்று தாராளமாகப் போகிறது என்று நினைத்துக்கொள்ளும். அளந்து பார்த்தால் அடைப்பு அடைப்பாகவே இருக்கும்.

சபாபதி: என் மூளையை இவ்வளவு சுலபமாக ஏமாற்றலாமா?

கோமதி: உங்களுக்கு இவ்வளவு தைலம்கூட வேண்டாம். அது சரி, ஏன் நெஞ்சைச் சொறிகிறீர்கள்?

சபாபதி: தேய்த்த இடம் எரிகிறது.

கோமதி: அப்படியே தேய்த்தீர்களா? தேங்காய் எண்ணெயில் சில சொட்டு கலந்துதான் தேய்க்க வேண்டும். சீசாவோடு வந்த சீட்டைப் படிக்கவில்லையா?

சபாபதி: அதில்தான் சீசாவைத் துடைத்தேன். சரி விடு, வெளியே தடவியது போதும். ஒரு ஸ்பூன் குடித்துவிட்டால்...

கோமதி: (சீசாவைப் பிடுங்கி) குடித்தால் விஷம்! சின்னக் குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம். குழந்தையின் மூக்குப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

சபாபதி: கோலா என்ற பிராணி யூகலிப்டஸ் இலையையே தின்கிறதே?

கோமதி: அதன் ஈரல் அந்த நஞ்சை முறிக்கும். இலையில் சத்துக் குறைவு என்பதால் நாளுக்கு 20 மணி நேரம் வரை தூங்குகிறது. இலை தின்னாமலே தூங்கும் நீங்கள் தின்றால் எழுந்திருக்கவே மாட்டீர்கள்.

சபாபதி: நீலகிரித் தைலம் என்று பெயர் வைத்துவிட்டு ஆஸ்திரேலியப் பிராணிக்குத் தருகிறார்களே!

கோமதி: மரமே அங்கிருந்து வந்ததுதான். 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காக நீலகிரியில் நட்டார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது.

சபாபதி: இந்தப் பெயர் ஸ்டிக்கரை மட்டும் தைலத்தால் எடுக்க முடியவில்லை போல. இரு, கொசுவத்தி ஏற்றுகிறேன்.

கோமதி: தீக்குச்சியைக் கீழே வையுங்கள்! திரைச்சீலையில் ஊற்றியிருக்கிறீர்கள், இது குப்பென்று பற்றும். முதலில் ஜன்னலைத் திறக்கிறேன்.

(திறக்கிறார். அரை மணி நேரம் இருவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்து இருந்த இடத்தைத் தேடுகிறார்கள். சபாபதி பலமாகத் தும்முகிறார்.)

சபாபதி: ஐயோ! என்ன நெடி இது? வீட்டில் மனிதர் இருக்க முடியுமா? யார் இவ்வளவு ஊற்றியது?

கோமதி: நெடியா? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே. (சீசாவைத் திறந்து முகர்ந்து பார்த்து) என்னங்க, நீங்கள் சொன்னது சரிதான். போலி.