கத்திரிச் செடி அழுகிறதா?

வாடும் செடி கதறி அழுவதை விஞ்ஞானிகள் பதிவு செய்துவிட்டார்கள் என்ற செய்தி, கோடை தொடங்கினாலே எங்கள் வேலூர்ப் பக்கத்து விவசாய வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. ஆய்வு உண்மையானது, அழுகை மட்டும் வழியில் ஏறிக்கொண்டது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் லிலாக் ஹடானி குழுவினர் 2023இல் வெளியிட்ட அந்த ஆய்வில், தண்ணீர் கிடைக்காத தக்காளிச் செடி ஒரு மணி நேரத்தில் 30 முறைக்கு மேல், நம் காதுக்கு எட்டாத மீயொலியில் சொடுக்குவது போன்ற சத்தத்தை எழுப்பியது. நன்றாக இருக்கும் செடியிலிருந்து மணிக்கு ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. நீர் ஏறும் நுண்குழாய்களுக்குள் காற்றுக் குமிழிகள் உருவாகி உடைவதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் கணிப்பு.

இலவம்பாடி முள்ளுக் கத்திரியும் தக்காளியின் குடும்பம்தான். எங்கள் வெயிலில் நடுப்பகலில் அதன் இலைகள் காம்போடு தொங்கிவிடும், பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும். விடிந்த பிறகும் நிமிராவிட்டால்தான் கொல்லைக்காரர் மோட்டாரைப் போட ஓடுவார். கண்ணுக்கு வாட்டம் தெரிவதற்கு முன்பே அந்தச் சத்தம் தொடங்கிவிடுகிறது என்பதுதான் ஆய்வில் நமக்குப் பயன்படக்கூடிய செய்தி. அதை யாரும் பகிர்வதில்லை.

செடிகளுக்கு உணர்திறன் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கம்பளிப்பூச்சி இலையைக் கடிக்கும் அதிர்வை மட்டும் கருவியால் முன்கூட்டியே செலுத்தி வைத்தால், கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அராபிடாப்சிஸ் பின்னர் பூச்சி உண்மையிலேயே கடிக்கும்போது கூடுதலாகத் தற்காப்பு வேதிப்பொருள்களைச் சுரந்ததை மிசௌரி பல்கலைக்கழகத்தின் ஹைடி ஆப்பெல், ரெக்ஸ் காக்ராஃப்ட் இருவரும் 2014இல் காட்டினார்கள். காற்றின் அதிர்வுக்கு அது அவ்வாறு மசியவில்லை. ஓர் இலை கடிபட்டால், அந்தச் சேதியைச் சுமக்கும் கால்சியம் அலை சில நிமிடங்களில் தொலைவிலுள்ள இலைகளை எட்டுவதை 2018இல் ஆய்வாளர்கள் டொயோட்டாவும் கில்ராயும் படமாகவே பிடித்தார்கள். நரம்பே இல்லாத உடலில் இத்தனையும் நடக்கிறது என்பது போதாதா, அதற்கு மேல் கண்ணீரையும் ஏன் சேர்க்க வேண்டும்?

கற்றல் என்று வரும்போது நான் தயங்குகிறேன். பட்டாணிச் செடி, காற்று வீசும் திசையை வைத்து வெளிச்சம் வரும் திசையைக் கற்றுக்கொள்கிறது என்று மோனிகா காக்லியானோ 2016இல் எழுதினார். கூடுதல் செடிகளுடன் 2020இல் வேறோர் ஆய்வாளர் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை.

கீரை கிள்ளுவதும் ஆடு அறுப்பதும் ஒன்றே என்று வாதிடுவோர் ஜகதீஷ் சந்திரபோஸைத் துணைக்கு அழைக்கிறார்கள். அவர் தொட்டாற்சுருங்கி முதலிய செடிகளில் மின்துடிப்புகளை அளந்தது பெரும் சாதனை. ஆனால் மனிதனின் எண்ணத்தைச் செடி அறிந்து பதறுகிறது என்ற கதை 1966இல் பொய் கண்டறியும் கருவியை இலையில் மாட்டிய அமெரிக்கர் கிளீவ் பேக்ஸ்டருடையது. பிற ஆய்வகங்கள் கட்டுப்பாடுகளோடு சோதித்தபோது அது நிற்கவில்லை. அந்தக் கதையை போஸின் கணக்கில் எழுதுவதை முதலில் நிறுத்த வேண்டும்.