என் கையெழுத்தோடு திரும்பி வந்த ஃபில்டர்

2024 மே மாதம். கோவை சிங்காநல்லூரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் கார் ஆயில் மாற்ற விட்டிருந்தேன். பக்கத்துக் கடையில் டீ வாங்கி இரண்டு வாய்தான் குடித்திருப்பேன், வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "டீச்சர், இங்க வந்து பாருங்க. இது உங்க எழுத்துத்தானுங்க?"

குனிந்து பார்த்தேன். ஆயில் ஃபில்டரின் அடிப்பாகத்தில் வெள்ளை மார்க்கரில் "14.5.22" என்று எழுதியிருந்தது. ஆயில் படிந்து பழுப்பேறி இருந்தாலும், நான் ஐந்தை எழுதும்போது தலைக்கோட்டைத் தனியாக இழுப்பேன், அது அப்படியே தெரிந்தது. இரண்டு வருடம் முன்னால் நானே மாட்டிய ஃபில்டர் அது. ஆனால் நடுவில் 2023 மே மாதம் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டு, "ஆயில் ஃபில்டர் 140 ரூபாய்" என்று பில்லும் வாங்கி, அதை ஃபைலில் வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. அதனால்தான் இந்த நீளமான பதிவு. கம்பெனியில் ஆயில் மாற்ற எவ்வளவு ஆகிறது, நாமே மாற்றினால் எவ்வளவு மிச்சம் என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். என் பில்களை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அந்த 2023 பில். வரியெல்லாம் சேர்த்து மொத்தம் 8,400 ரூபாய். சின்ன பெட்ரோல் கார்தான், மூன்று லிட்டருக்குச் சற்று மேல் ஆயில் பிடிக்கும். இன்ஜின் ஆயில் 1,650, ஃபில்டர் 140, ட்ரெயின் போல்ட் (பழைய ஆயிலை வடிக்கத் திறக்கும் போல்ட்) வாஷர் 30. ஆக, ஆயில் மாற்றத் தேவையான பொருள் மொத்தமும் 1,820 ரூபாய். சர்வீஸ் லேபர் 1,900. இதுவரை 3,720. மீதி 4,680 ரூபாய் எங்கே போனது? இன்ஜினை உள்ளே கழுவும் இன்ஜின் ஃப்ளஷ் 450. ஆயிலில் கலக்கும் ஏதோ ஒரு டிரீட்மெண்ட் 550. இன்ஜினுக்குக் காற்று போகும் வழியான த்ராட்டில் பாடி க்ளீனிங் 750. ஏசிக்கு மருந்து அடிக்க 900. வீல் அலைன்மெண்ட், பேலன்ஸிங் 950. இன்ஜின் டிரெஸ்ஸிங் 400. வாட்டர் வாஷ் 500. கன்ஸ்யூமபிள்ஸ் 180.

இதில் அலைன்மெண்ட் தேவைதான், நம் ஊர் ரோட்டுக்கு அதைக் குறை சொல்ல மாட்டேன். வாட்டர் வாஷும் இருக்கட்டும். ஆனால் இன்ஜின் ஃப்ளஷும் டிரீட்மெண்டும் என் வண்டியோடு வந்த கையேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. இன்ஜின் டிரெஸ்ஸிங் என்பது பானெட்டைத் திறந்தால் பளபளவென்று தெரிவதற்காக அடிக்கும் ஸ்ப்ரே. காலையில் வண்டியை விடும்போது சர்வீஸ் அட்வைசர் டேப்லெட்டில் வேகமாகத் தள்ளிக்கொண்டே "இதெல்லாம் ரெகுலரா பண்றதுதான் மேடம்" என்றார். எட்டே முக்காலுக்குப் பள்ளியில் இருக்க வேண்டிய அவசரம். கையெழுத்துப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் நடக்கிறது.

அந்த அட்வைசர் மீது எனக்குத் தனிப்பட்ட வருத்தம் இல்லை. இந்த மாதிரிக் கூடுதல் வேலைகளை மாதத்துக்கு இவ்வளவு விற்க வேண்டும் என்று அவர்களுக்கு டார்கெட் வைக்கிறார்கள். உள்ளே வேலை செய்யும் பையன்களுக்கோ ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி. ஃபில்டர் இருக்கும் இடம் கைக்கு எட்டாத மூலை. மாற்றாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று அந்த நிமிடம் தோன்றியிருக்கலாம். நான் தேதி எழுதியிராவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

ஃபைலை எடுத்துக்கொண்டு அந்தச் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஃபில்டரையும் கவரில் போட்டு எடுத்துப் போனேன். முதலில் "புதுசுதான் போட்டிருப்பாங்க மேடம்" என்றார்கள். எழுத்தைக் காட்டியதும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, 140 ரூபாயைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். அவர்கள் இதை வெறும் 140 ரூபாய் விஷயமாகப் பார்த்தார்கள். நான் பார்த்தது, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஃபில்டரை வைத்துக்கொண்டு என் இன்ஜின் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது என்பதை. குழந்தைகளை உட்கார வைத்து ஊட்டி மலை ஏறியிருக்கிறேன் அந்த வண்டியில்.

சரி, தேதி எழுதும் பழக்கம் எங்கிருந்து வந்தது? அப்பாவிடமிருந்து. அவர் 1991-ல் ஒரு ஹீரோ ஹோண்டா சிடி 100 பைக் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் நிறுத்தி அவரே ஆயில் மாற்றுவார். ஒரு லிட்டர் கூடப் பிடிக்காத இன்ஜின். பழைய வாணலியை அடியில் வைத்து ஸ்பேனரால் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, கடைசிச் சுற்றைக் கையாலேயே கழற்றுவார். கருப்பாக இறங்கும் ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்ப்பார், நறநறவென்று ஏதாவது தட்டுப்படுகிறதா என்று. பிறகு பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு சைடு கவரின் உள்பக்கம் தேதியும் கிலோமீட்டரும் எழுதுவார். வண்டியை விற்றபோது அந்தக் கவரில் பதினேழு வருடத்துத் தேதிகள் வரிசையாக இருந்தன. வாங்கியவர் அதைப் பார்த்துவிட்டு விலையே பேசவில்லை.

2022-ல் நான் காருக்கு ஆயில் மாற்றியது சூலூர்ப் பக்கம் எங்கள் மாமா தோட்டத்தில். டிராக்டருக்காக அங்கே ஒரு குழி கட்டி வைத்திருக்கிறார். குழி இருந்ததால்தான் துணிந்து இறங்கினேன். இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: வண்டியோடு வரும் ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் போகாதீர்கள். அது டயர் மாற்றுவதற்கு மட்டும். சரிந்தால் உயிர் போகும். குழியோ, ராம்ப்போ, சரியான ஸ்டாண்டோ இல்லாத வீட்டில் கார் ஆயிலை நாமே மாற்றும் பேச்சே வேண்டாம்.

அன்றைக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு நின்றால் புது ஃபில்டர் அதன் மேல் சரியாக உட்காராமல் ஆயில் மொத்தமும் வெளியே கொட்டிவிடும் என்று மெக்கானிக் போனிலேயே எச்சரித்திருந்தார். ட்ரெயின் போல்ட்டைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கவும் கூடாது, ஆயில் தேங்கும் அலுமினியச் சம்ப்பின் மரை போய்விடும். ஊற்றும்போது ஒரேயடியாக ஊற்றாமல், கொஞ்சம் குறைவாக ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்த்து மீதியைச் சேர்த்தேன். அதிகமாகப் போனாலும் கெடுதல், இன்ஜினுக்குள் கிராங்க் தண்டு சுற்றும்போது ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். டிப்ஸ்டிக்கில் தேன் நிறத்தில் புது ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிறைவை எந்தப் பில்லும் தராது.

இப்போது கணக்கு. ஃபுல்லி சிந்தெட்டிக் ஆயில் 3.5 லிட்டர் கேன் 1,720, ஃபில்டர் 120, வாஷர் 25. மொத்தம் 1,865. கம்பெனியில் இதே பொருளுக்கு 1,820! ஆம், ஆயில் விலையில் அவர்கள் நம்மை ஏமாற்றவில்லை. பேரலில் வாங்குகிறார்கள், நாம் கேனில் வாங்குகிறோம். யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் "நீங்களே மாற்றுங்கள், பாதிப் பணம் மிச்சம்" என்று சொல்வதை அப்படியே இங்கே நம்ப முடியாது. அங்கே கூலி மிக அதிகம். இங்கே என் மெக்கானிக் பொருளை நானே வாங்கிக் கொடுத்தால் கூலியாக வாங்குவது 300 ரூபாய். ஸ்பேனர், ஃபில்டர் கழற்றும் கப், ட்ரே, புனல், ஸ்டாண்ட் எல்லாம் வாங்க எனக்கு 2,600 ரூபாய் ஆனது. வருடத்துக்கு ஒருமுறை 300 ரூபாய் கூலியை மிச்சம் பிடித்து அந்தப் பணத்தை எடுக்க எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை அந்தக் கார் என்னிடம் இருக்குமோ என்னவோ.

ஆகவே காரைப் பொறுத்தவரை நான் சொல்வது இதுதான். நாமே மாற்றுவதில் பெரிய பண லாபம் இல்லை. லாபம் முழுக்க அந்தப் பில்லின் கீழ்ப்பாதியை வேண்டாம் என்று சொல்வதில் இருக்கிறது. எந்த வரி தேவை, எது தேவையில்லை என்று சொல்லும் தைரியம் எனக்கு அந்தத் தோட்டத்துக் குழியில் இறங்கிய பிறகுதான் வந்தது. அதற்கு முன்னால் "த்ராட்டில் பாடி" என்றால் தலையாட்டிவிட்டு வந்துகொண்டிருந்தேன். குறிப்பாகப் பெண்களுக்கு இதைச் சொல்கிறேன். சர்வீஸ் கவுண்டரில் நம்மிடம் விளக்கமே சொல்லாமல், "சார் வரலையா மேடம்?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஃபில்டரைப் பற்றி நீங்கள் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறிவிடும்.

வாரண்டி போய்விடுமே என்பது எல்லோருக்கும் இருக்கும் பயம். வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக்கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்றே உத்தரவிட்டது. உதிரிபாகங்களை வெளிச் சந்தைக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், அது தனிக் கதை. ஆனாலும் நடைமுறையில் இன்ஜினுக்கு ஏதாவது ஆனால், ஒழுங்காக ஆயில் மாற்றினேன் என்று நிரூபிக்க அலைய வேண்டியவர் நீங்கள். அதனால் வாரண்டி முடியும்வரை நான் கம்பெனிக்கே போவேன், கீழ்ப்பாதி வரிகளை மட்டும் வெட்டிவிட்டு. அப்புறம், ஃப்ரீ சர்வீஸ் என்றால் லேபர் மட்டும்தான் ஃப்ரீ, ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு. அந்த ஃப்ரீ சர்வீஸிலும் ஃப்ளஷ், கோட்டிங் என்று ஐயாயிரம் பில் வாங்கிவந்தவர்களை எனக்குத் தெரியும்.

பைக்கும் ஸ்கூட்டரும் வேறு கதை. அடியில் படுக்க வேண்டியதில்லை, ஒரு ஸ்பேனரும் ஒரு தட்டும் போதும், அரை மணி நேர வேலை. இதை யாரும் வீட்டிலேயே செய்யலாம், செய்ய வேண்டும். ஒன்றே ஒன்று மட்டும் கவனம்: கார் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று பைக்கில் ஊற்றிவிடாதீர்கள். பைக்கில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் மூழ்கிக் கிடக்கிறது, கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் மருந்து இருந்தால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் "ஜாசோ எம்ஏ" (JASO MA) அல்லது "எம்ஏ2" (MA2) என்ற தரக்குறியீடு போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். ஸ்கூட்டருக்கு "எம்பி" (MB). காலி டப்பாவை அப்படியே பழைய பேப்பர் கடையில் போடாமல் ஓட்டை போட்டுப் போடுங்கள், நல்ல டப்பா கிடைத்தால் போலி ஆயில் நிரப்பி மறுபடி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கழிவு ஆயிலைப் பற்றிப் பேசாமல் நாமே மாற்றுவதைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. சாக்கடையில் ஊற்றினால் எங்கள் ஊரில் அது கடைசியில் நொய்யல் ஆற்றுக்குத்தான் போகும். பயன்படுத்திய ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. அதைத் திரும்பச் சேகரித்துச் சுத்திகரிக்கும் பொறுப்பு 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் உண்டு. நான் பழைய கேனிலேயே பிடித்துவைத்து மெக்கானிக்கின் டிரம்மில் ஊற்றிவிடுகிறேன், அவரிடம் மாதாமாதம் வந்து எடுத்துப் போகிறார்கள். சென்ட்ரிங் பலகையில் தடவுகிறேன் என்று கட்டட வேலைக்காரர்கள் கேட்டால் கொடுக்காதீர்கள், அதுவும் கடைசியில் மண்ணுக்குத்தான் போகிறது.

போன வாரம் எங்கள் பள்ளியின் கணக்கு டீச்சர் புது வண்டியை மூன்றாவது சர்வீஸுக்கு விட்டார்கள். கிளம்புமுன் நான் சொன்னது இரண்டே விஷயம். கையேட்டில் அந்தக் கிலோமீட்டருக்கு என்ன போட்டிருக்கிறதோ அதை மட்டும் செய்யுங்கள் என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய ஃபில்டரைக் கவரில் போட்டு டிக்கியில் வைக்க வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அட்வைசர் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதிக் கொடுத்தாராம். சாயங்காலம் டிக்கியைத் திறந்தால் கவரில் ஃபில்டர் இருந்தது, இன்னும் ஆயில் சொட்டிக்கொண்டு. பில் 2,310 ரூபாய்.